பிரெஸ்னோ ஜில்லாவும் அதன் தண்ணீரும்

ஐக்கிய அமெரிக்க நாட்டின் மேற்குக் கோடியில், பசிபிக் சமுத்திரத்தை ஒட்டி அமைந்துள்ளது கலிபோர்னியா ராஜ்யம். அந்த ராஜ்யத்தின் நடுவே, கடற்கரை சிறிதும் இல்லாமல், இரண்டு மலைத்தொடர்களுக்கு இடையே பரந்து கிடப்பது பிரெஸ்னோ ஜில்லா. இதன் பரப்பு ஏறக்குறைய 6,000 சதுர மைல். தமிழ்நாட்டு ஜில்லாக்களின் சராசரிப் பரப்பைப்போல் நான்கு மடங்குக்கும் அதிகம். 2020ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி இங்கு வாழ்வோர் பத்து லட்சத்துக்குச் சற்றே கூடுதல். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தலைநகரான பிரெஸ்னோ நகரத்திலேயே வசிக்கின்றனர். மற்றவர்கள் பதினான்கு சிறு நகரங்களிலும், நகரசபை எதுவும் இல்லாத எண்ணற்ற சிற்றூர்களிலும் இருக்கின்றனர்.

பிரெஸ்னோ நகரில் ஓர் ஆண்டில் பெய்யும் மழை சராசரி 11 அங்குலமே. நம் நாட்டில் இவ்வளவு மழை பெறும் பிர்க்காவை வறட்சிப் பகுதி என்று எழுதிவிடுவோம். அங்கோ, 2021ஆம் ஆண்டில் மட்டும் வயலிலிருந்தும் தோப்பிலிருந்தும் கால்நடையிலிருந்தும் கிடைத்த வரும்படி 800 கோடி டாலருக்கு மேற்பட்டது. இது எவ்வாறு கைகூடிற்று, அதற்கு அந்த ஜனங்களில் யார் யார் என்ன விலை கொடுத்தனர் என்பதை நமது ஊராட்சி உறுப்பினர்களும் விவசாய அன்பர்களும் அறிந்து வைத்திருப்பது பயனுடையது.

நிலமும் மழையும்

ஜில்லாவை மேற்கிலிருந்து கிழக்காகக் கடந்து சென்றால் மூன்று உலகங்களைக் காணலாம். மேற்கே மரமற்ற வறண்ட குன்றுகள். கோலிங்கா என்ற ஊரைச் சுற்றி எண்ணெய்க் கிணறுகள் உண்டு. 1983ஆம் ஆண்டு அவ்வூரைப் பூகம்பம் பெரிதும் சேதப்படுத்தியது. நடுவே சான் வாகீன் பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்கு என்ற பெயரைக் கேட்டு மலை இடுக்கு என்று எண்ணலாகாது. கண்ணுக்கெட்டிய தூரம் பலகைபோல் சமமான வண்டல் நிலம் அது. கிழக்கே சியரா நெவாடா மலை படிப்படியாக உயர்ந்து, ஜில்லாவின் எல்லையில் 14,000 அடிக்கும் மேலாக நிற்கிறது.

மழை பெய்வதெல்லாம் குளிர்காலத்தில். மே மாதம் முதல் செப்டம்பர் வரை, அதாவது பயிர் தண்ணீருக்குத் தவிக்கும் காலம் முழுவதும், வானம் வறண்டே இருக்கும். இக்குறையை ஈடு செய்வது மலைமேல் விழும் பனி. டிசம்பரில் விழும் பனி உறைந்து கிடந்து, ஏப்ரல் முதல் ஜூலை வரை சிறிது சிறிதாக உருகி, வடக்கே சான் வாகீன் ஆற்றிலும் தெற்கே கிங்ஸ் ஆற்றிலும் இறங்குகிறது. செலவில்லாமல் கட்டப்பட்ட நீர்த்தேக்கம் என்று அப்பனியைச் சொல்லலாம். பனி குறைந்த வருஷம் அங்கே பஞ்ச வருஷம்.

ஜில்லாவை அவர்கள் கௌண்டி என்று அழைக்கின்றனர். மேலிடத்திலிருந்து அனுப்பப்படும் கலெக்டர் அங்கே கிடையாது. வாக்காளர்கள் தொகுதிவாரியாகத் தேர்ந்தெடுக்கும் ஐந்து உறுப்பினர் கொண்ட குழுவே ஜில்லாவை ஆள்கிறது. சாலை, சுகாதாரம், வரி மதிப்பீடு ஆகியவை அக்குழுவின்கீழ் வரும். ஆனால் விவசாயத்துக்கு உயிரான ஆற்றுநீர் அதன் கையில் இல்லை. அதற்குத் தனித்தனிப் பாசன ஜில்லாக்கள் உள்ளன. அவற்றில் வாக்கு யாருக்கு என்பதைக் கொண்டே, இந்தக் கௌண்டியின் கிழக்குப் பாதியும் மேற்குப் பாதியும் இருவேறு ஊர்களாயின என்பது என் துணிபு.

கிழக்குப் பாதி

இங்கு ஆதியில் வாழ்ந்தவர்கள் யோகுட்ஸ், மோனோ என்னும் பழங்குடியினர். 1849ஆம் ஆண்டையொட்டித் தங்கம் தேடி வந்த கூட்டம் அவர்களை இடம்பெயர்த்தது. 1856இல் ஜில்லா அமைக்கப்பட்டபோது ஆற்றங்கரையிலிருந்த மில்லர்ட்டன் என்னும் சிற்றூர் அதன் தலைநகர். பின்னர் 1872இல் ரெயில் பாதை சமவெளியில் போடப்பட்டது. 1874இல் தலைநகரும் ரெயிலைத் தேடி பிரெஸ்னோவுக்கு வந்துவிட்டது. (பழைய மில்லர்ட்டன் இருந்த இடம் இப்போது நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது.)

கோதுமை வயலும் மேய்ச்சல் நிலமுமாக இருந்த அச்சமவெளிக்குக் கிங்ஸ் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டப்பட்டதும், நிலத்தைச் சிறு துண்டுகளாக்கி விற்கும் வழக்கம் தோன்றியது. 1875இல் தொடங்கிய ஒரு குடியேற்றத்தில் 20 ஏக்கர் வீதம் 192 பண்ணைகள் வகுக்கப்பட்டன. ஒவ்வொரு பண்ணைக்கும் வாய்க்கால் தண்ணீர் உண்டு. ஒரு குடும்பம் தன் கைகளால் உழைத்துப் பிழைக்க 20 ஏக்கர் திராட்சை போதும் என்ற கணக்கு அது. கணக்கு பலித்தது.

வாய்க்காலும் கம்பெனிகளின் கையிலேயே இருந்துவிடாமல் காத்தது 1887ஆம் ஆண்டின் ரைட் சட்டம். ஒரு பகுதியில் வாழும் வாக்காளர்கள் ஒன்றுகூடி வாக்களித்துப் பாசன ஜில்லா அமைத்துக்கொள்ளவும், நிலத்தின்மேல் வரி விதிக்கவும், கடன் பத்திரம் விற்று வாய்க்கால்களை வாங்கவும் அது அதிகாரம் அளித்தது. நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு. ரீட்லி ஊரைச் சார்ந்த ஆல்டா பாசன ஜில்லா 1888இலேயே அமைந்தது. பிரெஸ்னோ பாசன ஜில்லா 1920இல் பிறந்தது.

ஆயினும் வாய்க்காலுக்கு வாய்க்கால் சண்டை ஓயவில்லை. தலைமடைக்காரர் எடுத்தால் கடைமடைக்காரர் வழக்குத் தொடுப்பார். பல்லாண்டுக் காலம் நீதிமன்றங்களில் கிங்ஸ் ஆறு ஓடியது என்றால் மிகையாகாது. முடிவில் 1927ஆம் ஆண்டு அவர்கள் தங்களுக்குள் ஒரு சங்கம் அமைத்தனர். ஆற்றில் இன்ன அளவு வந்தால் இன்ன வாய்க்காலுக்கு இவ்வளவு என்று அட்டவணை வகுத்து, அதை நடத்த ஒரு நீர்ப் பங்கீட்டாளரை நியமித்தனர். இன்று அச்சங்கத்தில் 28 உறுப்பு அமைப்புகள் உள்ளன. அணை இதற்குப் பிறகுதான் வந்தது. 1954இல் பைன் பிளாட் அணை முடிந்து, 10 லட்சம் ஏக்கர்-அடி நீரைத் தேக்கிற்று. அதாவது 10 லட்சம் ஏக்கரில் ஓர் அடி ஆழம் நிற்கும் தண்ணீர். பங்கீடு முன்னதாகவே தீர்ந்திருந்ததால், அணை நீரை யார் பெறுவது என்று புதிதாக அடித்துக்கொள்ள வேண்டிய அவசியம் குறைந்தது.

வடக்கே சான் வாகீன் ஆற்றில் மத்திய சர்க்கார் கட்டிய பிரையன்ட் அணை 1942இல் எழுந்தது. அதன் நீரைத் தெற்கே 152 மைல் தூரம் கொண்டு செல்லும் கால்வாய் 1951இல் முடிந்தது. பல லட்சம் ஏக்கர் பயனடைந்தது உண்மை. ஆனால் அணைக்குக் கீழே ஏறக்குறைய 60 மைல் நீளம் ஆறு வறண்டு மணலாயிற்று. அதில் ஏறி வந்த சால்மன் மீன் அற்றுப்போயிற்று. வழக்கு நடந்து, 2006இல் உடன்பாடு ஏற்பட்டு, 2009 முதலே ஆற்றுக்கென்று மீண்டும் தண்ணீர் விடப்படுகிறது.

உலர்திராட்சை

கிழக்குப் பகுதியின் சிறு விவசாயியை நிலைநிறுத்தியது உலர்திராட்சை. அதன் தயாரிப்பு முறையைச் சற்று விரித்துச் சொல்வது தகும். நம்மவர்க்கும் வெயில் ஒரு குறைவில்லை அல்லவா?

விதையில்லா வெள்ளைத் திராட்சையைக் கொடியில் நன்கு இனிப்பேற விட்டு, ஆகஸ்ட் கடைசியில் அறுக்கத் தொடங்குவர். கொடி வரிசைகள் கிழக்கு மேற்காக ஓடும்படி நடப்பட்டிருக்கும். இரு வரிசைகளுக்கு இடையேயுள்ள மண்ணைத் தெற்கே சற்றுச் சரிவாக ஒழுங்கு செய்து, அதன்மேல் காகிதத் தட்டுகளை விரித்து, குலைகளை ஒற்றை அடுக்காகப் பரப்புவர். வரிசை கிழக்கு மேற்காக இருப்பதால் நாள் முழுவதும் தட்டின்மேல் வெயில் விழும். இரண்டு மூன்று வாரங்களில், இடையே ஒருமுறை புரட்டிவிட, பழம் சுருங்கிப் பழுப்பு நிறமடையும். பிறகு காகிதத்தோடு சுருட்டி வைத்து, ஈரம் சமமான பின் அள்ளுவர். ஏறக்குறைய நாலரை ராத்தல் பழத்துக்கு ஒரு ராத்தல் உலர்திராட்சை. செப்டம்பரில் ஒரு மழை பிடித்துக்கொண்டால் ஓராண்டுப் பாடு தட்டிலேயே அழுகிவிடும். இத்தனை தட்டு என்று எண்ணிக் கூலி பெறும் தொழிலாளி, நூறு பாகைக்கு மேற்பட்ட வெயிலில் குனிந்தபடி வேலை செய்கிறார். 2005ஆம் ஆண்டில் கலிபோர்னியா சர்க்கார், வெளியில் வேலை செய்வோருக்கு நிழலும் குடிநீரும் ஓய்வும் அளிப்பதைக் கட்டாயமாக்கியது. இப்போது கொடியிலேயே உலரவிட்டு இயந்திரத்தால் உதிர்க்கும் முறையும் பரவியுள்ளது.

விலை விழுந்தபோதெல்லாம் சிறு விவசாயி வியாபாரியின் வாசலில் நின்றார். அதற்கு மாற்றாக 1912இல் விவசாயிகளே ஒன்று சேர்ந்து அமைத்ததுதான் பின்னர் சன்-மெய்டு என்று உலகப் புகழ் பெற்ற நிறுவனம். நம் கடைகளில் அடைபட்டு வரும் உலர்திராட்சைப் பெட்டியின்மேல் சிவப்புத் தொப்பி அணிந்த பெண்ணின் படத்தைக் கண்டிருப்பவர்கள் இருக்கலாம். அது இந்த ஜில்லாவில் பிறந்தது.

பல நாட்டு ஜனங்கள்

இந்நிலத்தைப் பண்படுத்தியோர் ஒரே இனத்தவர் அல்லர். சீனர், ஜப்பானியர், ஆர்மீனியர், டேனிஷ்காரர், மெக்ஸிகர், பிலிப்பினோக்கள், நம் பஞ்சாபியர் என்று அலை அலையாக வந்தனர். வந்தோரையெல்லாம் அந்த ராஜ்யம் ஒரே கண்ணால் பார்த்ததென்று கூற இயலாது. ஆசியாவிலிருந்து வந்தோர் குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என்று வைத்து, அத்தகையோர் விளைநிலம் வாங்கக்கூடாது என 1913இல் ஒரு சட்டம் செய்தனர். 1923இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்று இந்தியரையும் அவ்வகையில் சேர்த்துவிட்டது. உழைத்தவர் பெயரில் நிலம் இல்லை; பிறர் பெயரில் எழுதி வைத்துப் பயிரிட்டவர் பலர். 1946இல்தான் இந்தியருக்குக் குடியுரிமை கதவு திறந்தது. ஜப்பானிய விவசாயிகளின் பாடு இன்னும் கொடியது. 1942இல் அவர்களைக் குடும்பத்தோடு திரட்டி, பிரெஸ்னோவின் பொருட்காட்சித் திடலில் அடைத்துப் பிறகு தொலைதூர முகாம்களுக்கு அனுப்பினர்.

இன்று ஜில்லாவின் ஜனங்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஸ்பானிய மொழி பேசும் நாடுகளிலிருந்து வந்தவர்கள், அல்லது அவர்கள் வழியினர். 1975க்குப் பிறகு லாவோஸ் நாட்டிலிருந்து அகதிகளாக வந்த ஹ்மாங் மக்கள், சில ஏக்கர்களைக் குத்தகைக்கு எடுத்துப் பாகல், காராமணி, எலுமிச்சைப் புல், முருங்கை ஆகியவற்றைப் பயிரிடுகின்றனர். முருங்கைக் கீரையை அமெரிக்காவில் கட்டுக் கட்டாக விற்பதைக் கேட்க நமக்கு வியப்பாயிருக்கும். பல்கலைக்கழகத்தின் விவசாய விரிவாக்கப் பிரிவு அவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே வானொலி மூலம் ஆலோசனை கூறுகிறது. இங்கிலீஷில் அச்சிட்ட துண்டுப் பிரசுரங்களைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்ததென இருக்கவில்லை.

மேற்குப் பாதி

மேற்கே காட்சி வேறு. அங்கே ஆறு இல்லை. ஆழ்கிணறுகளை நம்பிப் பெரும் பண்ணைகள் தோன்றின. 1952இல் அமைந்த வெஸ்ட்லேண்ட்ஸ் நீர் ஜில்லா ஏறக்குறைய 6 லட்சம் ஏக்கரைத் தழுவியது. அங்கே வாக்கு குடியிருப்பவருக்கு இல்லை, நிலச் சொந்தக்காரருக்கே. அதுவும் நிலத்தின் மதிப்புக்குத் தக்கபடி கூடும். பெரும் நிலக்காரர் ஒருவர் ஓர் ஊரையே மிஞ்சிய வாக்குப் பெறலாம். அவ்வயல்களில் வேலை செய்யும் தொழிலாளருக்குத் தண்ணீர் நிர்வாகத்தில் ஒரு வாக்கும் இல்லை.

மத்திய சர்க்காரின் பாசன நீர் ஒருவருக்கு 160 ஏக்கருக்கு மேல் கிடையாது என்று 1902ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. நிலச் சீர்திருத்த நோக்கத்துடன் செய்த விதி அது. ஆனால் சான் லூயிஸ் அணையிலிருந்து மேற்குப் பாதிக்குக் கால்வாய் நீர் வந்த பின்னரும், பெயர் மாற்றியும் குத்தகை காட்டியும் விதியைத் தாண்டினர். 1982இல் வரம்பே 960 ஏக்கராக உயர்த்தப்பட்டது. உச்சவரம்புச் சட்டங்களின் சரித்திரம் நமக்குப் புதிதன்று. ஆகவே மேலும் சொல்லவில்லை.

பலன் ஊர்களின் முகத்தில் தெரிகிறது. கிழக்கே ரீட்லி, செல்மா, கிங்ஸ்பர்க் போன்ற ஊர்களில் கடைத்தெருவும் சங்கமும் பல தலைமுறைகளாக வேரூன்றியுள்ளன. மேற்கே மென்டோட்டா, ஹூரான் ஆகியவை கூலியாட்களின் ஊர்கள். கிர்ணிப் பழத்தின் உலகத் தலைநகர் என்று பெயர் சூட்டிக்கொண்ட மென்டோட்டாவில், 2009ஆம் ஆண்டு வறட்சியில் பத்துத் தொழிலாளரில் ஏறக்குறைய நால்வருக்கு வேலை இல்லை.

அம்மண்ணில் இன்னொரு தொல்லையும் இருந்தது. கீழே களிமண் அடுக்கு இருந்ததால் பாசன நீர் வடியாமல் உப்பு மேலேறிற்று. வடிநீரைக் கால்வாய் வழியே அண்டை ஜில்லாவின் கெஸ்டர்சன் ஏரிகளுக்கு அனுப்பினர். மண்ணிலிருந்து கரைந்த செலினியம் அங்கே சேர்ந்து, 1983இல் பறவைக் குஞ்சுகள் உருக்குலைந்து பிறப்பது கண்டுபிடிக்கப்பட்டது. 1986இல் வடிகால் அடைக்கப்பட்டது. தண்ணீர் கொண்டுவரும் திட்டம் தீட்டியபோதே வடிகாலுக்கும் வழி தேடியிருக்க வேண்டும்.

கிணற்றின் கதை

ஆற்றுநீருக்கு மேற்சொன்ன சட்டமும் சங்கமும் அட்டவணையும் இருந்தன. நிலத்தடி நீருக்கு எதுவும் இல்லை. தன் நிலத்தில் கிணறு தோண்டியவர் வேண்டுமட்டும் இறைக்கலாம். அளந்து சொல்லவும் வேண்டியதில்லை. மென்டோட்டாவுக்குத் தென்மேற்கே ஒரு கம்பத்தில் வருஷங்களைப் பொறித்துத் தொங்கவிட்டு எடுத்த புகைப்படம் உலகெங்கும் தெரிந்தது. 1925இல் தரை இருந்த மட்டம் கம்பத்தின் உச்சியில். 1977இல் மனிதர் நிற்கும் தரை அதற்கு ஏறக்குறைய 28 அடி கீழே. நீரை இறைத்ததால் களிமண் அடுக்குகள் நசுங்கி நிலமே இறங்கிவிட்டது. நசுங்கிய களிமண் மீண்டும் உப்பாது. எத்தனை மழை பெய்தாலும் அந்த இடத்தில் பழையபடி நீர் தேங்காது.

கால்வாய் நீர் வந்ததும் கிணறுகள் சற்று ஓய்ந்தன. ஆனால் வறட்சி வரும்போதெல்லாம் பம்புகள் மறுபடி ஓடின. வெஸ்ட்லேண்ட்ஸுக்கு 2014, 2015, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் மத்தியத் திட்டத்திலிருந்து பாசனத்துக்குக் கிடைத்த ஒதுக்கீடு சூன்யம். இதற்கிடையே பயிரும் மாறிவிட்டது. பருத்தியும் தக்காளியும் பயிரிட்டவர், தண்ணீர் இல்லாத வருஷம் நிலத்தைத் தரிசாக விடலாம். லாபம் கருதிப் பாதாமும் பிஸ்தாவும் வைத்தவர் அவ்வாறு விட முடியாது. ஒரு கோடை காய்ந்தால் பல ஆண்டு முதலீடு விறகாகிவிடும். ஆகவே மரம் வைத்தவர் எப்பாடு பட்டேனும் இன்னும் ஆழமாகத் தோண்டினார். ஆயிரம் அடிக்கும் மேற்பட்ட கிணறுகள் தோன்றின. குடியானவரின் வீட்டுக் கிணறோ சில நூறு அடியோடு நின்றது. நீர்மட்டம் இறங்கும்போது முதலில் வற்றுவது எது என்று நம் கிராமவாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

சேங்கர் ஊரை அடுத்த டூம்ப்ஸ்டோன் டெரிட்டரி என்னும் சிற்றூரில் அதுதான் நடந்தது. வீட்டுக் கிணறுகள் வறண்டன. வறளாதவற்றிலும் நீர் கெட்டிருந்தது. அருகிலேயே நகரசபைக் குழாய் இருந்தும் அவ்வூர் எல்லைக்கு வெளியே இருந்தது. ஜில்லாவின் தென்பகுதியில் உள்ள லனாரே என்னும் தொழிலாளர் ஊரின் கதை நமது கூட்டங்களில் வாசிக்கத் தக்கது. அங்கே கிணற்று நீரில் இயற்கையாகவே ஆர்சனிக் என்னும் நஞ்சு கலந்திருந்தது. மத்திய சர்க்கார் உதவியுடன் ஏறக்குறைய 13 லட்சம் டாலரில் சுத்திகரிப்பு நிலையம் கட்டினர். நிலையம் சில மாதங்களே ஓடியது. ரசாயனத்துக்கும் மின்சாரத்துக்கும் ஆட்கூலிக்கும் ஆகும் செலவைச் சில நூறு பேர் கொண்ட ஏழை ஊரால் தாங்க இயலாமல், 2007இல் பூட்டப்பட்டது. ஜனங்கள் தண்ணீர் வரியும் கட்டி, குடிக்கப் புட்டித் தண்ணீரும் வாங்கினர். கட்டுவதற்கு மானியம் இருந்தது, நடத்துவதற்கு இல்லை.

அந்நிலையை மாற்றும் சட்டத்தில் ராஜ்ய கவர்னர் 2019 ஜூலையில் கையெழுத்திட்டார்; கையெழுத்திட்ட இடம் தலைநகரத்து மாளிகை அன்று, டூம்ப்ஸ்டோன் டெரிட்டரியே. ஆண்டொன்றுக்கு 13 கோடி டாலர் வரை ஒதுக்கப்படும் அந்நிதியை, சிற்றூர்களின் குடிநீர் அமைப்புகளைக் கட்டுவதற்கு மட்டுமின்றி, நடத்துவதற்கும் செலவிடலாம்.

நிலத்தடி நீருக்கும் 2014ஆம் ஆண்டில் முதன்முதலாகச் சட்டம் வந்தது. அந்தந்த வட்டாரத்தார் தாங்களே அமைப்புகள் ஏற்படுத்தி, எவ்வளவு இறைக்கிறோம், எவ்வளவு ஊறுகிறது என்று கணக்கெடுத்து, மிகவும் தாழ்ந்துவிட்ட படுகைகளில் 2040க்குள் இரண்டையும் சமன்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். செய்யத் தவறினால் ராஜ்ய சர்க்கார் குறுக்கிடும். கிங்ஸ் படுகையில் மட்டும் ஏழு அமைப்புகள் தோன்றியுள்ளன. கணக்கு நேராகத் தீர்க்கப்பட்டால் ஓரளவு நிலம் தரிசாகப் போவது திண்ணம். யாருடைய நிலம், எந்தத் தொழிலாளரின் வேலை என்ற வாதம் இப்போது அக்கூட்டங்களில் நடக்கிறது. வீட்டுக் கிணறு வைத்திருப்போருக்கு அங்கே நாற்காலி போடுவதா என்ற வாதமும் கூடவே நடக்கிறது.

இதற்கிடையில் வெள்ள நீரை மண்ணுக்குள் அனுப்பும் வேலை மும்முரமாகியுள்ளது. பிரெஸ்னோ நகரம் 1971 முதலே மணற்பாங்கான குளங்களில் ஆற்றுநீரை நிறுத்தி ஊறவிடுகிறது. கசியும் ஏக்கர்கள் என்பது அவ்விடத்துக்கு அவர்கள் வைத்த பெயர். நாம் கண்மாய்க் கரையில் கசிவு கண்டால் கலங்குவோம், அவர்கள் அதற்கென்றே குளம் வெட்டினர். மழைநீர் வடிந்து சேரும் குளங்களும் நகரைச் சுற்றி 150க்கு மேல் உள்ளன. 2011இல் கிங்ஸ் ஆற்றில் வெள்ளம் வந்தபோது, ஹெல்ம் ஊரை அடுத்த ஒரு பண்ணையில் திராட்சைத் தோட்டத்தின் மீதே வெள்ளத்தைத் திருப்பி நிறுத்திப் பார்த்தனர். கொடிகள் அழுகிவிடும் என்று அக்கம்பக்கத்தார் அஞ்சினர். கொடி அழுகவில்லை, அவ்வாண்டு திராட்சையும் காய்த்தது. 2023இல் பெருவெள்ளம் வந்தபோது, பிற பண்ணைக்காரரும் மதகைத் திறந்துகொண்டு காத்திருந்தனர்.